சிகாகோ: பெற்றோரோடு ஐந்து நாள், எதை வைப்பது, எதை விடுவது?

வைகைக்கரை:
வணக்கம். நாங்கள் டாலஸில் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வந்திருக்கிறார்கள். செப்டம்பர் நடுவில் ஐந்து நாள் சிகாகோ போகலாம் என்று யோசனை. அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், வயது 71. விவேகானந்தர் பேசிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார், படிக்கட்டுதான் சிரமம். இருவரும் சைவம். மகனுக்கு எட்டு வயது. ரயில், கப்பல், டைனோசர் மூன்றும் அவனுக்கு உயிர்.

நகரத்துக்குள் தங்குவதா, புறநகரில் தங்கிக் கார் எடுப்பதா? ஐந்து நாளும் சிகாகோவுக்கே வேண்டுமா? கோவிலுக்குப் போக முடியுமா? கணவர் போட்டு வைத்திருக்கும் பட்டியலில் ஒரு நாளைக்கு ஆறு இடம் இருக்கிறது. எதைக் குறைப்பது என்று தெரியவில்லை.

ஊர்சுற்றி:
சிகாகோவுக்கு இரண்டு நாள் தாராளம் சகோதரி. மில்லேனியம் பார்க், வில்லிஸ் டவர், படகுச் சவாரி, நேவி பியர், முடிந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் கார் எடுத்தால் இரவுக்குள் நயாகரா. இவ்வளவு தூரம் வந்துவிட்டு நயாகரா பார்க்காமல் ஊர் திரும்பினால் சொந்தபந்தம் எல்லாம் அதைத்தான் கேட்கும்.

ஏரிக்காற்று:
முதலில் நயாகரா விஷயம். சிகாகோவிலிருந்து ஏறத்தாழ 540 மைல். நிற்காமல் ஓட்டினாலே ஒன்பது மணி நேரம் ஆகும். முழங்கால் வலி உள்ளவர் இடையிடையே இறங்கிக் காலை நீட்ட வேண்டும், சாப்பிட வேண்டும். ஆக, போக ஒரு முழு நாள், வர ஒரு முழு நாள். அந்த இரண்டு நாளும் அவர் பார்க்கப்போவது நெடுஞ்சாலையைத்தான். நயாகராவை அவசியம் காட்டுங்கள், ஆனால் அதற்கு டாலஸிலிருந்து பஃபலோவுக்குத் தனியாக விமானம் ஏறுங்கள். சிகாகோவோடு ஒட்ட வேண்டாம்.

நான் நெடுநாளாக இந்த ஊரில் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற பெரியவர்களை அழைத்துக்கொண்டு சுற்றுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அதில் நான் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: யாருக்கு நடப்பது கஷ்டமோ, அவரை வைத்து நாளைத் திட்டமிட வேண்டும். அம்மாவால் எது முடியும் என்பதை முதலில் எழுதுங்கள். மற்ற நான்கு பேரும் அதற்குள் அடங்கிக்கொள்ளலாம். காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம். நடுவில் இரண்டு மணி நேரம் அறைக்குத் திரும்பிப் படுக்க வேண்டும். அறை பக்கத்தில் இருந்தால்தான் இது நடக்கும். அதனால்தான் நகரத்துக்குள் தங்குங்கள் என்கிறேன்.

ரிவர் நார்த் பகுதி, அல்லது மிச்சிகன் அவென்யூ ஆற்றைக் கடக்கிற பாலத்துக்கு இரு பக்கமும் பாருங்கள். ஆறு, மில்லேனியம் பார்க், ஏரிக்கரை எல்லாம் கிட்டத்தில் வந்துவிடும். கூடுமானவரை சமையலறையோடு கூடிய அறையாக எடுங்கள். காலையில் உப்புமா கிண்டி, மதியம் தயிர்சாதம் பிசைந்து சாப்பிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கிழமையும் முக்கியம். விவேகானந்தர் பேசிய கட்டடம்தான் இன்றைய ஆர்ட் இன்ஸ்டிட்யூட் கலை அருங்காட்சியகம். அது செவ்வாயும் புதனும் மூடியிருக்கும். அப்பா வருவதே அதற்காகத்தான் என்பதால் வியாழன் வந்து திங்கள் மாலை திரும்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.

புறநகர்ப்பறவை:
நான் நேப்பர்வில் என்ற புறநகரில் இருக்கிறேன். அண்ணன் சொல்வதை மறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் செலவையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சிகாகோவில் ஓட்டல் வரி மட்டுமே 17 சதவிகிதத்துக்கு மேல். கார் வைத்திருந்தால் நகர ஓட்டல்களில் நிறுத்தும் கட்டணம் ஓர் இரவுக்கு 50 டாலரைத் தாண்டும். ஐந்து பேருக்கு ஓர் அறை போதாது, இரண்டு எடுக்க வேண்டும். இங்கே புறநகரில் அதே பணத்துக்குப் பெரிய அறை, இலவச பார்க்கிங், காலை உணவும் உண்டு. அரோராவில் இருக்கும் பாலாஜி கோவில் பக்கம். நகரத்துக்குப் போக வேண்டுமென்றால் மெட்ரா ரயில் இருக்கிறது, விரைவு வண்டி முக்கால் மணி நேரத்தில் யூனியன் ஸ்டேஷனில் இறக்கிவிடும். பெரியவர்கள் சந்தடி இல்லாமல் தூங்கவும் முடியும்.

ஏரிக்காற்று:
செலவு பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் மெட்ராவின் விரைவு வண்டிகள் பெரும்பாலும் அலுவலகம் போகிறவர்களின் நேரத்துக்கு ஓடுகிறவை, வார இறுதியில் இடைவெளி அதிகம். யூனியன் ஸ்டேஷன் மேற்குக் கோடியில் இருக்கிறது, ஏரிக்கரைக்கு அங்கிருந்து மறுபடி பஸ் ஏற வேண்டும். காரில் வந்தாலோ ஐசன்ஹோவர் சாலை நெரிசல் எந்த நேரத்தில் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. மதியம் அம்மாவுக்கு முடியவில்லை என்றால் என்ன செய்வது? புறநகரில் தங்கினால் காலையில் கிளம்பியவர்கள் இரவுதான் திரும்ப முடியும்.

கோவிலுக்கு ஒரே ஒரு நாள் கார் எடுங்கள். சனிக்கிழமை காலையில் எடுத்து மாலையில் விட்டுவிட்டால் பார்க்கிங் செலவும் இல்லை. மற்ற நாட்களில் ரயில், பஸ், அவசரத்துக்கு ஊபர்.

புறநகர்ப்பறவை:
ஒரு நாள் கார் என்பது நல்ல ஏற்பாடுதான். அப்படியானால் கோவில் நாளை நான் சொல்கிறேன். அரோரா, நகரத்திலிருந்து மேற்கே சுமார் 40 மைல். வெங்கடேஸ்வரர் சன்னிதியும் பூஜை முறையும் உங்கள் பெற்றோருக்கு ஊரில் இருப்பது போலவே தோன்றும். வார இறுதியில் கோவில் உணவகம் நடக்கும், மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அங்கிருந்து திரும்பும் வழியை லெமான்ட் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். லெமான்ட் கோவில் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. ஒரே வளாகத்தில் இராமர் கோவில் சோழர் பாணியிலும், சிவன், துர்க்கை, பிள்ளையார் கோவில் கலிங்கப் பாணியிலும் கட்டப்பட்டிருக்கின்றன. வளாகத்தில் விவேகானந்தர் சிலையும் உண்டு, அப்பாவுக்குப் பிடிக்கும். மதியம் கோவில் நடை சாத்துவார்களா என்பதை அந்தந்தக் கோவிலின் தளத்தில் முன்பே பார்த்துவிடுங்கள். வாரநாள் நேரம் வேறு, வார இறுதி நேரம் வேறு.

நூலகவாசி:
விவேகானந்தர் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பலர் இதில் குழம்பிப்போகிறார்கள்.

1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி, நகரத்துக்குத் தெற்கே ஏழு மைல் தள்ளி ஜாக்சன் பார்க்கில் நடந்தது. கொலம்பஸ் அமெரிக்கா வந்த நானூறாவது ஆண்டைக் கொண்டாடுவதற்காக நடத்தினார்கள். அதன் பகுதியாகத்தான் சர்வமத மகாசபை கூடியது. ஆனால் சபை கூடிய இடம் கண்காட்சி மைதானம் இல்லை. நகர நடுவில், மிச்சிகன் அவென்யூவில் அப்போது புதிதாக எழுந்திருந்த கட்டடத்தில் கூடியது. அதுதான் இன்றைய ஆர்ட் இன்ஸ்டிட்யூட். செப்டம்பர் 11-இல் தொடங்கி 27 வரை நடந்தது. அவர் பேசிய கொலம்பஸ் மண்டபம் தற்காலிகமாக எழுப்பப்பட்டது, இன்று இல்லை. ஆனால் கட்டடம் அதேதான். முன்னே செல்லும் மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரைச் சூட்டிப் பழுப்பு நிறப் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையின் கீழே அப்பாவை நிறுத்திப் படம் எடுங்கள்.

அப்பா மதுரைக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அவருக்குத் தெரிந்தும் இருக்கலாம். விவேகானந்தர் இராமநாதபுரம் சேதுபதி மன்னர் பாஸ்கர சேதுபதியைச் சந்தித்தது மதுரையில்தான். மேல்நாட்டுக்குப் போகும்படி ஊக்கப்படுத்தியவர்களில் மன்னர் முக்கியமானவர். சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். மே 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். சிகாகோவுக்கு ஜூலையிலேயே வந்துவிட்டார், சபையோ செப்டம்பரில். கையில் அறிமுகக் கடிதம் இல்லை, பணமும் கரைந்துகொண்டிருந்தது. பாஸ்டன் பக்கம் போய், ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டின் உதவியால் திரும்பி வந்தார். வந்த இடத்தில் முகவரி தெரியாமல் தெருவோரம் உட்கார்ந்திருந்தவரை ஹேல் என்ற குடும்பத்து அம்மையார் வீட்டுக்குள் அழைத்து உணவளித்துச் சபை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். அந்த வீடு டியர்பார்ன் சாலையில் இருந்தது. 1897 ஜனவரியில் அவர் திரும்பியபோது பாம்பனில் வந்து இறங்கினார், வரவேற்க மன்னரே வந்தார். பாம்பனில் முடியும் கதையின் மறுமுனை இந்தக் கட்டடம். ஒரு வரலாற்று ஆசிரியருக்கு இங்கே அரைமணி நேரம் போதாது. ஒரு முழு முற்பகல் கொடுங்கள்.

வைகைக்கரை:
நூலகவாசி, இதை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாஸ்கர சேதுபதி பற்றி அவர் இரவு முழுக்கப் பேசினார். மிக்க நன்றி.

ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் படிக்கட்டு இருப்பது படத்தில் தெரிகிறது. அம்மாவை எப்படி அழைத்துப் போவது? ரயில் நிலையங்களிலும் மின்தூக்கி இருக்குமா?

சுங்கடி:
இதற்கு நான் பதில் சொல்கிறேன் அக்கா. மாமியாரைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சிகாகோ சுற்றியிருக்கிறேன்.

சிங்கச் சிலைகள் இருக்கும் மிச்சிகன் அவென்யூ வாசலில் படிகள் அதிகம். மன்ரோ தெருப் பக்கம் மாடர்ன் விங் என்ற புதிய பகுதி இருக்கிறது. அதன் வாசல் தெரு மட்டத்திலேயே இருக்கும். உள்ளே இலவசமாகச் சக்கர நாற்காலி தருவார்கள். நடக்கத் தெரிந்தவர் எதற்கு நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அம்மா கூச்சப்படலாம். பக்குவமாகச் சொல்லி உட்கார வையுங்கள். அருங்காட்சியகத்தில் ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்பது மாலையில் கால் வீங்கிய பிறகுதான் தெரியும். நாற்காலி இருந்தால் அவருக்கு ஓவியங்களைப் பார்க்கவாவது தெம்பு இருக்கும். பெயர்போன ஓவியங்கள் நிறைய அங்கே இருக்கின்றன. ஹாப்பரின் நைட்ஹாக்ஸ், புள்ளி புள்ளியாகச் சூரா வரைந்த பெரிய ஞாயிற்றுக்கிழமை ஓவியம், இவற்றை மட்டும் பார்த்தாலும் போதும்.

ரயில் பற்றி: எல்லா நிலையத்திலும் மின்தூக்கி கிடையாது. மேம்பாலத்தில் ஓடும் பழைய தடத்தில் பல நிலையங்கள் செங்குத்தான இரும்புப் படிக்கட்டோடுதான் இருக்கின்றன. ரெட் லைனில் சிகாகோ, கிராண்ட், லேக், ஜாக்சன், ரூஸ்வெல்ட் நிலையங்களில் மின்தூக்கி உண்டு. மன்ரோவிலும் ஹாரிசனிலும் இல்லை. மின்தூக்கி பழுதானால் போக்குவரத்துக் கழகமான சி.டி.ஏ. தன் தளத்தில் அறிவிக்கும், கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். அம்மாவுக்கு ரயிலைவிட பஸ்தான் வசதி. எல்லா பஸ்ஸும் நிறுத்தத்தில் பக்கவாட்டில் தாழும், சரிவுப் பலகையும் இறக்குவார்கள். ஓட்டுநரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

டிக்கெட்டுக்கு வென்ட்ரா அட்டை. காசு போட்டு வைத்த ஒரே அட்டையை ஐந்து பேருக்கும் தட்டலாம். ஒருநாள் பாஸ் என்றால் ஆளுக்கு ஒன்று வேண்டும். உங்கள் மகனுக்குக் குறைந்த கட்டணம்தான்.

கல்தச்சன்:
இன்னும் யாரும் படகுச் சவாரியைப் பற்றி விரிவாக எழுதாதது ஆச்சரியம். ஐந்து நாளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பணம் செலவழிக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆற்றில் ஒன்றரை மணி நேரம் படகில் உட்கார்ந்தபடியே கட்டடங்களைப் பார்ப்பது. அம்மாவுக்கு ஓரடி நடக்க வேண்டாம். கட்டடக்கலை மையம் நடத்தும் சவாரியில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் விளக்கம் சொல்வார்கள். வேறு நிறுவனங்களும் நடத்துகின்றன. படகுத் துறைக்குப் படி இறங்க வேண்டியிருக்கும், சரிவுப் பாதை எந்தப் பக்கம் என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். செப்டம்பரில் ஏழு மணி வாக்கில் சூரியன் மறையும், ஐந்தரை மணிப் படகில் ஏறினால் வெயிலும் இறங்கியிருக்கும், கண்ணாடிச் சுவர்கள் எல்லாம் பொன்னிறமாக இருக்கும்.

அந்த ஆறே ஒரு பொறியியல் அதிசயம். முன்பு அது ஏரியில் போய் விழுந்தது. நகரத்தின் கழிவெல்லாம் ஆற்றில், ஆறு ஏரியில், குடிநீரும் அதே ஏரியிலிருந்து. இதைத் தீர்க்க ஒரு பெரிய கால்வாய் வெட்டி, 1900-இல் ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிட்டார்கள். இன்றைக்கு ஏரி நீர் ஆற்றுக்குள் வந்து, மேற்கே போய், கடைசியில் மிசிசிப்பியில் சேர்கிறது. மகனிடம் இதைச் சொல்லிவிட்டுப் படகில் ஏற்றுங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தேடிக்கொண்டே வருவான்.

அடுத்து வில்லிஸ் டவர். பழைய பெயர் சியர்ஸ் டவர், இந்த ஊர்க்காரர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். 110 மாடி, 1,450 அடி. கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் வரும்வரை, கால் நூற்றாண்டு அளவுக்கு உலகின் மிக உயரமான கட்டடம். இதன் கட்டமைப்பைச் சிந்தித்தவர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். டாக்காவில் வளர்ந்தவர், கல்கத்தாவுக்கு அருகே சிப்பூர் பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். அவருக்கு முன்பு உயரக் கட்டடம் என்றால் உள்ளே தூணும் உத்தரமுமாக எஃகைக் கொட்டுவார்கள். உயரம் கூடக் கூடக் காற்றைத் தாங்குவதற்கே செலவு எகிறும். கான், வெளிச்சுவரையே காற்றைத் தாங்கும் குழாயாக்கினார். சியர்ஸ் டவர் அப்படிப்பட்ட ஒன்பது சதுரக் குழாய்களைக் கரும்புக் கட்டு போலச் சேர்த்துக் கட்டியது. ஐம்பதாவது மாடியில் இரண்டு நின்றுவிடும், அறுபத்தாறில் இரண்டு, தொண்ணூறில் மூன்று. மிச்சம் இரண்டு மட்டும் உச்சி வரை போகும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே எண்ணிவிடலாம். கட்டடத்தை ஒட்டிய தெருமுனைக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து போன ஒருவர் இந்த நகரத்தின் வானத்தையே மாற்றியிருக்கிறார். மேலே ஏறிப் படம் எடுத்துவிட்டு அவர் பெயர் தெரியாமலேயே இறங்கிப் போகிறவர்கள்தான் அதிகம் என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

ஏறுவதா என்றால், 103-வது மாடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டி மகனுக்குப் பிடிக்கும். வரிசை நீளமாக இருக்கும், வாரநாள் காலையில் திறந்தவுடன் போங்கள். ஏரியைப் பார்க்க வேண்டும் என்றால் வடக்கே இருக்கும் பழைய ஹான்காக் கட்டடத்தின் 94-வது மாடிதான் எனக்குப் பிடிக்கும். சுவரில் பெரிய பெருக்கல் குறிகள் தெரியுமே, அதுவும் கானின் வேலைதான். இரண்டிலும் ஏற வேண்டாம், ஒன்று போதும்.

ஏரிக்காற்று:
கல்தச்சன் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். மிச்சிகன் அவென்யூ பாலத்தை ஒட்டி டிரிப்யூன் டவர் இருக்கிறது. அதன் வெளிச்சுவரின் அடிப்பகுதியில் உலகப் புகழ்பெற்ற கட்டடங்களின் கற்துண்டுகளைப் பதித்துப் பெயரும் பொறித்திருக்கிறார்கள். தாஜ்மகாலின் துண்டும் உண்டு. காசு இல்லை, படி இல்லை. தாத்தாவும் பேரனும் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

இலவசமாகப் பார்க்க இன்னும் நிறைய இருக்கிறது. மில்லேனியம் பார்க்கில் அனிஷ் கபூரின் கிளவுட் கேட் சிற்பம், எல்லோரும் பீன் என்று சொல்வது. காலையில் பூங்கா திறந்தவுடன் போனால் கூட்டம் இருக்காது. எதிரே சிகாகோ கல்ச்சுரல் சென்டர், 1897-இல் நூலகமாகக் கட்டியது, மேலே டிஃபனி கண்ணாடிக் குவிமாடம். உட்கார இடமும் சுத்தமான கழிப்பறையும் உள்ள இடம் என்பதால் பெரியவர்களோடு போகும்போது இதை மனதில் வையுங்கள். லிங்கன் பார்க் உயிரியல் பூங்காவும் இலவசம், 151-ஆம் எண் பஸ் பக்கத்திலேயே இறக்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை. அருங்காட்சியகங்களின் "இலவச நாள்" என்று இணையத்தில் படித்து ஏமாற வேண்டாம். பெரும்பாலானவை இல்லினாய் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும், அடையாள அட்டை கேட்பார்கள்.

நூலகவாசி:
மகனுக்கு ஒரே ஒரு அருங்காட்சியகம் என்றால் தெற்கே இருக்கும் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுங்கள். யூ-505 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல், 1944 ஜூனில் அமெரிக்கக் கடற்படை கடலில் பிடித்தது, முழுதாக உள்ளே நிற்கிறது. கப்பலுக்குள் போகும் சுற்றுக்குத் தனி டிக்கெட், இடம் குறுகல், அம்மா வெளியே நின்று பார்க்கலாம். முட்டையிலிருந்து கோழிக்குஞ்சு வெளிவருவதைக் காட்டும் இடமும் உண்டு, குழந்தைகள் நகரவே மாட்டார்கள்.

அப்பாவுக்கும் இது முக்கியமான இடம். அந்தக் கட்டடம் 1893 கண்காட்சியின் கலைமண்டபம். கண்காட்சிக் கட்டடங்களில் பெரும்பாலானவை கொஞ்சநாளுக்கென்று கட்டப்பட்டவை, அழிந்துவிட்டன. ஓவியங்களைத் தீயிலிருந்து காக்க வேண்டும் என்று இதை மட்டும் உறுதியாகக் கட்டினார்கள், அதனால் தப்பியது. சற்று மேற்கே மிட்வே என்ற நீண்ட புல்வெளி. உலகின் முதல் ஃபெரிஸ் ராட்டினம், 264 அடி உயரம், அங்கேதான் சுழன்றது. நேவி பியரில் இன்று சுற்றும் ராட்டினத்தில் மகனை ஏற்றப்போகிறீர்கள் அல்லவா, அதற்கு மூதாதை இது. நேவி பியர் ராட்டினத்தில் மூடிய பெட்டிகள்தான், அம்மாவும் ஏறலாம். இரவு வாணவேடிக்கையை எதிர்பார்க்க வேண்டாம், அது கோடையோடு முடிந்துவிடும்.

மிட்வேயை ஒட்டித்தான் சிகாகோ பல்கலைக்கழகம். குறுந்தொகைப் பாடல்களை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசேர்த்த ஏ.கே. ராமானுஜன் 1960-களின் தொடக்கத்திலிருந்து 1993-இல் இறக்கும்வரை இங்கேதான் கற்பித்தார். இன்றும் தமிழ் கற்பிக்கிறார்கள். சங்கப் பாடல் சொல்லிக்கொடுத்த வளாகம் என்று தெரிந்து நடந்தால் அந்தச் சாம்பல் நிறக் கற்கட்டடங்கள் வேறு மாதிரி தெரியும். நகர நடுவிலிருந்து ஆறாம் எண் பஸ் ஏரிக்கரைச் சாலை வழியாகவே வரும், அந்தப் பயணமே பார்க்கத் தக்கது.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. கணவரின் பட்டியலில் பாதியை அழித்துவிட்டோம். இன்னும் இரண்டு கவலை. செய்திகளில் சிகாகோ என்றாலே துப்பாக்கிச் சூடு என்று வருகிறது, அம்மா பயப்படுகிறார். அடுத்து, சாப்பாடு.

ஏரிக்காற்று:
பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வன்முறை இருக்கிறது, அது பெரும்பாலும் தெற்கிலும் மேற்கிலும் சில குடியிருப்புகளில் குவிந்திருக்கிறது. அங்கே வாழ்கிற மக்கள்தான் அதன் சுமையைத் தாங்குகிறார்கள். நீங்கள் போகும் இடங்களில் கவனிக்க வேண்டியது பெரும்பாலும் சின்னத் திருட்டுதான். ரயிலில் கதவோரம் உட்கார்ந்து போனை நீட்டிப் பிடிக்காதீர்கள். இரவு பத்துக்கு மேல் பெரியவர்களோடு ரயில் வேண்டாம், வாடகைக் கார் எடுங்கள். ஆள் குறைவான பெட்டியில் ஏறாமல் ஓட்டுநர் இருக்கும் முதல் பெட்டியில் ஏறுங்கள். சனிக்கிழமை எடுக்கும் காரில் பை எதையும் கண்ணில் படும்படி விடாதீர்கள். அப்புறம், பெற்றோருக்குப் பயணிகள் மருத்துவக் காப்பீடு இருக்கிறதுதானே? அதன் அட்டையைப் படம் எடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கடி:
சாப்பாட்டுக்கு: சூப் வாங்கினால் கோழிச் சாற்றில் செய்ததா என்று கேளுங்கள், காய்கறி சூப் என்று பெயர் இருந்தாலும் கேளுங்கள். மெக்சிகோ உணவகங்களில் பீன்ஸ் பன்றிக்கொழுப்பில் வதக்கியதாக இருக்கலாம். டீப் டிஷ் பீட்சா இந்த ஊரின் அடையாளம், 1943-இல் இங்கே தொடங்கியது. பசலைக்கீரை வைத்தது கிடைக்கும். வேக முக்கால் மணி நேரம் ஆகும், பசித்த பிறகு போய் உட்கார வேண்டாம். ஐந்து பேருக்கு ஒரு நடுத்தர அளவு போதும், அம்மா ஒரு துண்டுக்கு மேல் சாப்பிட மாட்டார்.

நம் சாப்பாட்டுக்கு டெவான் அவென்யூ. இந்திய மளிகைக் கடையான படேல் பிரதர்ஸ் 1974-இல் முதல் கடை திறந்தது அந்தத் தெருவில்தான். தோசை, சாப்பாடு, இனிப்பு, வெற்றிலை, புடவை, எல்லாம் ஒரே வரிசையில். ரெட் லைனில் லயோலா நிலையத்தில் இறங்கி 155-ஆம் எண் பஸ். லயோலாவில் மின்தூக்கி உண்டு. அம்மாவுக்குச் சிகாகோவில் மிகவும் பிடித்த இடம் அதுவாகவே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஊர்சுற்றி:
நயாகரா பற்றி நான் சொன்னதை விட்டுவிடவில்லை, தனிப் பயணமாகப் போவதே சரி என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ரயில் பிடித்த பையனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேம்பாலத் தடத்தில் பிரவுன் லைன் ஏறி, முதல் பெட்டியில் நின்றபடி ஒரு சுற்று போய் வாருங்கள். நகர நடுவில் 1897-இல் கட்டி முடித்த தண்டவாள வளையத்தைச் சுற்றி, கட்டடங்களின் மூன்றாம் மாடி ஜன்னல்களை உரசுவது போல வளைந்து, ஆற்றைக் கடந்து வடக்கே போகும். படகில் கீழிருந்து பார்த்ததை மேலிருந்து பார்த்த மாதிரி. அம்மாவுக்காக மின்தூக்கி உள்ள கிளார்க்-லேக் நிலையத்தில் ஏறுங்கள்.

வைகைக்கரை:
இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன். வியாழன் மதியம் ஓ'ஹேர் விமான நிலையத்தில் இறங்கி புளூ லைன் ரயிலில் நகரம், மாலை படகு. வெள்ளி முற்பகல் ஆர்ட் இன்ஸ்டிட்யூட், ஓய்வு, மாலை மில்லேனியம் பார்க். சனி அரோரா, லெமான்ட். ஞாயிறு டைனோசருக்காக ஃபீல்ட் அருங்காட்சியகம், மாலை டெவான். திங்கள் நீர்மூழ்கிக் கப்பல், அப்படியே விமானம். வில்லிஸ் டவரை விட்டுவிட்டோம், கான் பெயர்ப் பலகையைப் பார்க்கக் கீழே வரை மட்டும் போவோம். சரியாக இருக்கிறதா?

ஏரிக்காற்று:
இரண்டு மாற்றம் சொல்வேன். புளூ லைன் ஓ'ஹேரிலிருந்து முக்கால் மணி நேரம், இறங்கும் நிலையத்தை ஜாக்சன் அல்லது கிளார்க்-லேக் என்று வையுங்கள், இரண்டிலும் மின்தூக்கி உண்டு. பெட்டிகள் மூன்றுக்கு மேல் என்றால் முதல் நாள் மட்டும் கார் பிடித்துவிடுங்கள்.

அடுத்து ஞாயிறு. ஃபீல்ட் அருங்காட்சியகம் சோல்ஜர் ஃபீல்ட் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. செப்டம்பரில் பேர்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள் தொடங்கிவிடும், பெரும்பாலும் ஞாயிறு மதியம். உள்ளூர் ஆட்டம் இருந்தால் அந்தப் பக்கமே போக முடியாது, 146-ஆம் எண் பஸ்ஸும் ஊர்ந்துதான் வரும். அணியின் அட்டவணையைப் பாருங்கள். அன்று ஆட்டம் இருந்தால் ஞாயிறு காலை நீர்மூழ்கிக் கப்பலுக்குப் போய்விட்டு, டைனோசரைத் திங்கள் காலைக்கு மாற்றுங்கள். விமானம் மாலை ஆறுக்குப் பிறகு என்றால் மதியம் இரண்டரைக்கு அங்கிருந்து கிளம்பினால் போதும்.